கே.ஆர்.பி. டேம் பாசியில் ஒட்டி வாழும் பாக்டீரியாவைத் தண்ணீரில் திரிவதிலிருந்து எப்படிப் பிரிப்பது?

பெண்ணையாறு_எம்எஸ்சி:

வணக்கம். கோடையில் கே.ஆர்.பி. டேம் (கிருஷ்ணகிரி அணை) கரையோரம் திரண்டு நிற்கிற பச்சைப் பாசிதான் என் ப்ராஜெக்ட். மைக்ராஸ்கோப்பில் பார்த்த வரை பெரும்பகுதி மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி (சயனோபாக்டீரியா). கோழைக்குள் புதைந்த உருண்டை செல்கள், ஒழுங்கில்லாத காலனிகள். நான் பாசியைப் பற்றி எழுதப் போவதில்லை. அந்தக் கோழைக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியா எவை, சுற்றியுள்ள தண்ணீரில் தனியாகத் திரிபவை எவை என்று பிரித்துக் காட்ட வேண்டும்.

சீக்வென்சிங்குக்கு (டி.என்.ஏ. வரிசையைப் படிப்பதற்கு) 12 மாதிரிக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது. அதனால் இப்படித் திட்டம்: அணையில் 6 இடம், இடத்துக்கு 1 லிட்டர். லேபுக்குக் கொண்டுவந்து 5,000 ஆர்.பி.எம்.மில் 10 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜ். அடியில் படிவதை "ஒட்டி வாழ்பவை" என்றும் மேலே நிற்கும் தண்ணீரை "தனியாகத் திரிபவை" என்றும் எடுத்து, இரண்டிலும் 16எஸ் (எந்தெந்த பாக்டீரியா என்று அடையாளம் காட்டும் ஜீன்) பார்ப்பது.

சந்தேகங்கள்: இந்தப் பிரிப்பு சரிதானா? எங்களிடம் மைனஸ் 20 ஃப்ரீசர்தான் உண்டு, மைனஸ் 80 இல்லை, பரவாயில்லையா? வருகிற ரீட்ஸ் (படிக்கப்பட்ட டி.என்.ஏ. துண்டுகள்) எல்லாம் மைக்ரோசிஸ்டிஸாகவே போய்விட்டால் என்ன செய்வது?

இன்னொன்று, ப்ராஜெக்டுக்கு வெளியே: காவேரிப்பட்டணம் பக்கம் மீன் குட்டை வைத்திருப்பவர்கள், மயில்துத்தம் (தாமிர சல்பேட்) போடுவதற்குப் பதில் "பாசி தின்னும் பாக்டீரியா" பாக்கெட் வாங்கிக் கொட்டலாமா என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

---

ஏரிக்கரை_லேப்:

சென்ட்ரிஃப்யூஜ் திட்டத்தைக் கைவிடுங்கள் தங்கச்சி. மைக்ரோசிஸ்டிஸ் செல்லுக்குள் வாயுப் பைகள் இருக்கின்றன. அதனால்தான் அது மிதக்கிறது. நீங்கள் சுற்றும்போது காலனிகள் மேலே போய் நிற்கும். தண்ணீரில் திரிந்த பாக்டீரியாவும் வண்டலும் செத்த காலனிகளும் அடியில் படியும். அதாவது உங்கள் இரண்டு லேபிளும் தலைகீழாக ஒட்டப்படும். அதுவும் முழுதாகத் தலைகீழானால் திருத்திக்கொள்ளலாம், பாதி கலந்து வருவதுதான் தொல்லை.

வாயுப் பை இருக்கிறதா என்று லேபில் நேரடியாகப் பார்க்க ஒரு பழைய வழி உண்டு. தடித்த கண்ணாடி பாட்டிலில் பாசித் தண்ணீரை காற்றிடைவெளி இல்லாமல் வாய்வரை நிரப்பி, கார்க் அடைத்து, கார்க்கின் தலையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அந்த அழுத்தத்தில் வாயுப் பைகள் நசுங்கும். பால் கலந்த மாதிரி வெளிறி இருந்த பச்சை கண்ணெதிரே கருமையாகும். கொஞ்ச நேரத்தில் காலனிகள் அடிக்கு இறங்கும். (பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டு, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.) சீக்வென்சிங்குக்கு வைத்திருக்கும் மாதிரியில் இதைச் செய்ய வேண்டாம், அதிர்ச்சியில் கோழை கலைந்துவிடும்.

பிரிக்க அந்த மிதக்கும் குணத்தையே பயன்படுத்துங்கள். 500 மில்லி தண்ணீரை 64 மைக்ரான் பிளாங்டன் வலைத்துணியில் மெதுவாக ஊற்றுங்கள். மேலே தங்கும் காலனிகளை 250 மில்லி பிரிபுனலுக்குள் கழுவி இறக்குங்கள். கழுவும் தண்ணீர் அதே அணைத் தண்ணீராக, 0.22 மைக்ரானில் வடிகட்டியதாக இருக்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் வேண்டவே வேண்டாம். கோழையைப் பிடித்து வைத்திருக்கும் கால்சியம் கரைந்து வெளியேறும், நீங்கள் தேடுகிற பாக்டீரியா கழுவிய தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும். புனலை நிழலில் 20-30 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். காலனிகள் மேலே ஏறிப் பச்சை வளையமாக நிற்கும். குழாயைத் திறந்து கீழே உள்ள 200 மில்லியை மெல்ல வடித்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். இப்படி மூன்று முறை. மூன்றாவது முறை வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அதையும் வடிகட்டி ஒரு மாதிரியாக அனுப்ப வேண்டும். கழுவல் போதுமானதாக இருந்ததா என்பதற்கு உங்களிடம் இருக்கப்போகும் ஒரே சாட்சி அதுதான்.

தனியாகத் திரிபவைக்கு: வலையின் கீழே வந்த தண்ணீரை 20 மைக்ரான் துணி, பிறகு 3 மைக்ரான் பாலிகார்பனேட் ஃபில்டர், கடைசியில் 0.22 மைக்ரான் என்று வரிசையாக விடுங்கள். டி.என்.ஏ. எடுப்பது அந்தக் கடைசி ஃபில்டரிலிருந்து. வாக்குவம் 200 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல் போகக் கூடாது. ஃபில்டர் அடைத்துக்கொண்டது என்று பம்பைத் திருகினால் காலனி கிழிந்து, கோழையில் இருந்தவை 3 மைக்ரானைத் தாண்டிக் கீழே இறங்கும். அடைத்தால் ஃபில்டரை மாற்றுங்கள். எத்தனை மில்லி போனது என்று எழுதி வையுங்கள். திரண்ட பாசித் தண்ணீரில் ஒரு ஃபில்டருக்கு 50-100 மில்லி போவதே பெரிது.

நேரமும் முக்கியம். காற்று கிளம்புவதற்கு முன், விடியற்காலை எடுங்கள். இரவில் அமைதியான தண்ணீரில் மேலே வந்த காலனிகள் அப்போது அணைப்பரப்பில் பரவி நிற்கும். மதியக் காற்றில் ஒரே கரையில் ஒதுங்கிவிடும். ஒதுங்கிய பாசியின் ஓரத்தில் வெளிர்நீலமாக, சாயம் ஊறின மாதிரி ஒரு நிறம் தெரிந்தால் கவனியுங்கள். செல் உடைந்து ஃபைகோசயனின் என்ற நீல நிறமி வெளியேறியிருக்கிறது. அங்கே கிடைப்பது அழுகலைத் தின்ன வந்த கூட்டம், பாசியோடு வாழும் கூட்டம் அல்ல. வேண்டுமானால் தனி மாதிரியாக எடுங்கள், கலக்காதீர்கள்.

மைனஸ் 20 போதும். ஃபில்டரைச் சுருட்டி 2 மில்லி டியூபில் வைத்து செல்லை உடைக்க உதவும் லைசிஸ் பஃபர் ஊற்றி (டிரிஸ் 50 மில்லிமோலார், ஈ.டி.டி.ஏ. 40 மில்லிமோலார், சுக்ரோஸ் 0.75 மோலார், பி.எச். 8.3) ஃப்ரீசரில் போடுங்கள். பஃபர் இல்லையென்றால் 95 சதவீத எத்தனால். அணையிலிருந்து டவுனுக்கு வரும் வரை ஐஸ் பெட்டி, அன்றைக்கே 4-6 மணி நேரத்துக்குள் வடிகட்டல். பாட்டிலையே ஃப்ரீசரில் வைத்து "நாளைக்கு வடிகட்டலாம்" என்று மட்டும் விடாதீர்கள், உறைந்து உருகினால் செல் எல்லாம் உடைந்துவிடும். லூகால் அயோடின் போட்ட பாட்டில் செல் எண்ணுவதற்கு மட்டும், அதிலிருந்து டி.என்.ஏ. எடுக்க நினைக்க வேண்டாம்.

---

கரும்பாறை:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் சீக்வென்சிங்குக்கு முன் கண்ணால் பாருங்கள். பணம் செலவில்லாத வேலை.

ஸ்லைடில் ஒரு சொட்டுப் பாசித் தண்ணீர், பக்கத்தில் ஒரு சிறு சொட்டு இந்தியன் இங்க். இரண்டும் சேரும்படி கவர் ஸ்லிப். மை கோழைக்குள் நுழையாது. கறுத்த பின்புலத்தில் காலனியைச் சுற்றி வெள்ளையாக ஒரு ஓரம் தெரியும், அதுதான் கோழையின் எல்லை. சில காலனிகளில் செல்லை ஒட்டியபடி மெல்லியதாக இருக்கும், சிலவற்றில் செல்கூட்டத்தைவிட அகலமாக இருக்கும். கழுவுவதற்கு முன்னும் மூன்றாவது கழுவலுக்குப் பின்னும் இதைப் பார்த்து, அந்த ஓரம் சுருங்கியிருந்தால் உங்கள் கழுவல் முரட்டுத்தனம் என்று அர்த்தம்.

அடுத்து டாபி (டி.என்.ஏ.வில் ஒட்டி ஒளிரும் சாயம்), மில்லிக்கு 1 மைக்ரோகிராம், இருட்டில் 10 நிமிடம். பாசி செல்கள் தங்கள் நிறமியாலேயே சிவப்பாக ஒளிரும், பாக்டீரியா நீலப் புள்ளிகளாக. அவை கோழையின் வெளி ஓரத்திலா, செல்களுக்கு இடையிலா என்று 40 காலனியாவது பார்த்துக் குறித்துக்கொண்டால், அந்த ஒரு படமே உங்கள் ஆய்வேட்டில் பாதி வாதத்தைச் சொல்லிவிடும். டோலிகோஸ்பெர்மம் என்ற இன்னொரு நீலப்பச்சைப் பாசியின் இழைகளும் கலந்திருந்தால், நைட்ரஜனை நிலைப்படுத்தும் அதன் ஹெட்டிரோசிஸ்ட் செல்லின் இரு முனைகளையும் உற்றுப் பாருங்கள், பாக்டீரியா அங்கே கொத்தாக ஒட்டும். மைக்ரோசிஸ்டிஸுக்கு நைட்ரஜனை நிலைப்படுத்தும் திறன் கிடையாது, ஆகவே இரண்டின் அண்டை வீட்டாரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

---

வரிசை_எழுத்து:

மாதிரிக் கணக்கை மாற்றியே ஆக வேண்டும். 6 இடம், இடத்துக்கு ஒன்று என்றால் எதற்கும் மறுபதிவு இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டுப்பாட்டு மாதிரியும் இல்லை. 12 டியூப்தான் என்றால் ஒரே இடம், ஒரே காலை: கழுவிய காலனி 3, தனியாகத் திரிபவை 3, அணைக்குள் ஆறு நுழையும் இடத்துத் தண்ணீர் 2, கடைசிக் கழுவல் தண்ணீர் 1, கரையில் அழுகிய பாசி 1, வெறும் ஃபில்டர் 1, டி.என்.ஏ. எடுக்கும்போது மாதிரி எதுவும் சேர்க்காத வெற்று டியூப் 1. "ஒரே இடமா" என்று கைடு முகம் சுளிக்கலாம். 6 இடத்து வேறுபாடு உண்மையா தற்செயலா என்று சொல்ல முடியாத அட்டவணையைவிட இது மேல்.

ஆறு நுழையும் இடம் ஏன் என்றால், தென்பெண்ணை பெங்களூருக் கழிவையும் சுமந்துகொண்டு ஓசூர் வழியாக வருகிற ஆறு. சாக்கடைக் குழாய்களில் வளரும் அசினிடோபாக்டர், ஆர்கோபாக்டர் போன்றவை உங்கள் தண்ணீர் மாதிரியில் வரத்தான் செய்யும். நுழைவாய் மாதிரி கையில் இல்லாவிட்டால் அவற்றைப் பாசியோடு சம்பந்தப்பட்டவை என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் பொங்குகிற நுரையைப் பாசி என்று நினைத்து அங்கே போய் எடுக்காதீர்கள், அது சோப்புக் கழிவின் நுரை. ஆனால் அதே கழிவோடு வரும் பாஸ்பரஸும் அமோனியாவும்தான் கீழே கே.ஆர்.பி.யில் பாசிக்குத் தீனி.

டி.என்.ஏ. எடுப்பதில் எதிரி கோழைதான். பாலிசாக்கரைடு கூடவே வந்து டியூப் அடியில் கஞ்சி மாதிரி நிற்கும், பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்கும் வேலை) ஓடாது. சி.டி.ஏ.பி. முறையில் போங்கள்: சி.டி.ஏ.பி. 2 சதவீதம், சோடியம் குளோரைடு 1.4 மோலார், டிரிஸ் 100 மில்லிமோலார், ஈ.டி.டி.ஏ. 20 மில்லிமோலார், பி.வி.பி. 1 சதவீதம், 65 டிகிரியில் ஒரு மணி நேரம். அதற்கு முன் 0.1 மில்லிமீட்டர் கண்ணாடி மணிகளோடு குலுக்கல் கட்டாயம், இல்லாவிட்டால் சுவர் தடித்த ஆக்டினோபாக்டீரியா குறைத்துக் காட்டப்படும். டி.என்.ஏ. எவ்வளவு சுத்தம் என்று காட்டும் 260/230 விகிதம் 1.5க்குக் கீழே வந்தால் பத்து மடங்கு நீர்க்கச் செய்து பி.எஸ்.ஏ. சேர்த்து ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

மைக்ரோசிஸ்டிஸ் ரீட்ஸ் பயம் நியாயமானது. காலனி மாதிரியில் 515எஃப்-806ஆர் ப்ரைமர் (எந்தத் துண்டைப் பெருக்குவது என்று தீர்மானிக்கும் சிறு டி.என்.ஏ. ஜோடி) போட்டால் பாதிக்கு மேல் சயனோபாக்டீரியாவாக வரலாம். இரண்டு வழி. ஒன்று, அதே ப்ரைமரோடு மாதிரிக்கு 50,000 ரீட்ஸ் கேட்டு வாங்கி, சயனோபாக்டீரியாவையும் குளோரோபிளாஸ்டையும் நீக்கிவிட்டு மீதத்தில் கணக்கிடுவது. இரண்டு, 799எஃப்-1193ஆர் ப்ரைமர். அது இவை இரண்டையும் பெரும்பாலும் தவிர்த்துவிடும். நான் முதலாவதைத்தான் சொல்வேன். எந்த அளவு பாசி இருந்தது என்ற தகவலும் கூடவே கிடைக்கும், மற்ற நாட்டு ஆய்வுகளோடு ஒப்பிடவும் முடியும். இரண்டு ப்ரைமரில் வந்ததை ஒரே அட்டவணையில் கலப்பது மட்டும் கூடாது.

ஒப்பிடும்போது ஒரு பொறி. 16எஸ் வரிசைகளுக்குப் பெயர் வைக்க உதவும் சில்வா 138 பட்டியலில் பீட்டாபுரோட்டியோபாக்டீரியா தனி வகுப்பாக இல்லை. காமாபுரோட்டியோபாக்டீரியாவுக்குள் பர்கோல்டீரியேல்ஸ் என்ற வரிசையாக இருக்கிறது. பழைய கட்டுரைகளில் "பீட்டா அதிகம்" என்றும் உங்களுடையதில் "காமா அதிகம்" என்றும் இருந்தால் அது பெயர் மாற்றம்தான், கண்டுபிடிப்பு அல்ல.

என்ன வரும் என்று எதிர்பார்க்கலாம்? காலனிக்குள் ரோசியோமோனாஸ், ஃபீனைலோபாக்டீரியம், ஸ்ஃபிங்கோமோனாஸ் வகையறா. தண்ணீரில் ஏசி1 எனப்படும் மிகச் சிறிய ஆக்டினோபாக்டீரியா. இந்த ஏசி1 உங்கள் கழுவிய காலனி மாதிரியிலும் அதே அளவில் வந்தால் கழுவல் போதவில்லை.

---

பெண்ணையாறு_எம்எஸ்சி:

ரொம்ப நன்றி, மாதிரிக் கணக்கை இப்படியே மாற்றிவிடுகிறேன். இரண்டு துணைக் கேள்வி. மைக்ரோசிஸ்டிஸ் உண்டாக்கும் நச்சைச் (மைக்ரோசிஸ்டின்) சிதைக்கும் பாக்டீரியா இருக்கிறதா என்று 16எஸ் வைத்தே சொல்ல முடியுமா? பிளேட்டில் வளர்க்கவும் ஆசை, நியூட்ரியண்ட் அகார் போதுமா? குட்டைக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

---

கரும்பாறை:

16எஸ் வைத்துச் சொல்ல முடியாது. பாசிபாக்டர் டாக்சினிவோரன்ஸ் (Paucibacter toxinivorans) மாதிரி பெயரிலேயே நச்சைத் தின்பது என்று வைத்த இனம் வந்தால்கூட, உங்கள் அணையில் உள்ளது அந்த வேலையைச் செய்கிறது என்று ஆகாது. மைக்ரோசிஸ்டினின் வளையத்தை முதலில் வெட்டுவது எம்.எல்.ஆர்.ஏ. என்ற ஜீனின் என்சைம். அந்த ஜீனுக்கு எம்.எஃப்.-எம்.ஆர். ப்ரைமர் இருக்கிறது, ஏறக்குறைய 800 பேஸ் நீளத்தில் பட்டை வரும். நச்சு செய்யும் பக்கத்துக்கு எம்.சி.ஒய்.இ. ஜீனில் ஹெப் ப்ரைமர் ஜோடி, 472 பேஸ். இரண்டும் சாதாரண பி.சி.ஆர்., ஜெல்லிலேயே தெரியும். எம்.எல்.ஆர்.ஏ. வரவில்லை என்பதற்காகச் சிதைவே நடக்கவில்லை என்று எழுதாதீர்கள், வேறு பாதைகளும் உண்டு.

 

நியூட்ரியண்ட் அகார் வேண்டாம். அந்தக் கொழுத்த தீனியில் ஏரோமோனாஸும் சூடோமோனாஸும் இரண்டு நாளில் பிளேட்டை மூடிவிடும். ஆர்2ஏ (சத்துக் குறைந்த அகார்), முடிந்தால் பத்தில் ஒரு பங்கு வலுவில், 25 டிகிரி, இருட்டில், இரண்டு வாரம் வரை. பாஸ்பேட்டையும் அகாரையும் ஒன்றாக ஆட்டோகிளேவ் செய்யாதீர்கள். சேர்ந்து வேகும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகி, மெதுவாக வளரும் நுண்ணிய காலனிகள் முளைக்காமலே போகும். தனித்தனியாக வைத்து, 50-55 டிகிரிக்கு ஆறியதும் கலந்து ஊற்றுங்கள்.

பாசியையும் சேர்த்து பி.ஜி.-11 என்ற பாசி வளர்ப்பு ஊடகத்தில் வளர்க்கப் போகிறீர்கள் என்றால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: சில வாரத்தில் காலனி கலைந்து தனிச் செல்களாகிவிடும், பாக்டீரியாக் கூட்டமும் மாறிவிடும். அந்த வளர்ப்பில் கண்டதை அணையில் இருப்பதாக எழுத முடியாது.

---

குட்டை_மீன்:

குட்டைக் கேள்விக்கு நான் சொல்கிறேன். பாக்கெட் பாக்டீரியாவைக் கொட்டச் சொல்லாதீர்கள். கணக்கே ஒத்துவராது.

ஒரு ஏக்கர் குட்டை, 5 அடி ஆழம் என்றால் சுமார் 60 லட்சம் லிட்டர், அதாவது 600 கோடி மில்லி. பாக்கெட்டில் கிராமுக்கு 100 கோடி என்று போட்டிருப்பதை அப்படியே நம்பி ஒரு கிலோ கொட்டினாலும், மில்லிக்கு 170ஐக்கூடத் தொடாது. அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே மில்லிக்குப் பத்து லட்சம் பாக்டீரியா இருக்கும். புதிதாக வந்தவை அந்தக் கூட்டத்தில் இடம் பிடித்து, அதன் பிறகு கோழைக்குள் குடியிருப்பவர்களையும் தாண்டிப் பாசியைத் தொட வேண்டும். அந்தக் குடியிருப்பவர்களோ பாசிக்கு உதவுகிறவர்கள். பாசி கசிய விடும் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடைத் திருப்பித் தருகிறார்கள், பாஸ்பரஸைச் சுழற்றிவிடுகிறார்கள், வெயிலில் உண்டாகும் பெராக்சைடைச் சிதைக்கிறார்கள். பாசியைக் கரைக்கும் பாக்டீரியா இயற்கையில் உண்டு, லைசோபாக்டர் ஒன்று. ஆனால் ஃபிளாஸ்கில் கரைப்பதும் ஏக்கர் குட்டையில் கரைப்பதும் வேறு வேறு.

மயில்துத்தம் அதைவிட ஆபத்து. பாசி ஒரே நேரத்தில் செத்து, செல்லுக்குள் இருந்த நச்சு மொத்தமும் தண்ணீருக்கு வரும். நச்சைச் சிதைக்க வேண்டிய பாக்டீரியாவையும் தாமிரம் அடித்துவிடும். 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணைக்குத் தாமிர சல்பேட் போட்டதை அடுத்து 148 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அங்கே இருந்தது மைக்ரோசிஸ்டிஸ் அல்ல, சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ் என்ற இன்னொரு நீலப்பச்சைப் பாசி. ஆனால் நடந்த விதம் ஒன்றே. குட்டையில் இதற்கு மேல் இன்னொன்றும் நடக்கும்: செத்த பாசி அழுகும் இரவில் ஆக்சிஜன் தீர்ந்து, விடியும்போது கட்லா, ரோகு எல்லாம் வாயைப் பிளந்து மேலே வரும்.

அவர்களுக்குச் சொல்லக்கூடியது இதுதான். பச்சைச் சாணமும் சூப்பர் பாஸ்பேட்டும் போடுவதை உடனே நிறுத்த வேண்டும், தீவனத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். காற்று ஒதுக்கிய மூலையில் திரளும் பாசியைக் காலையில் மெல்லிய துணி வலையால் அள்ளி, மழைத் தண்ணீர் திரும்பக் குட்டைக்குள் இழுத்து வராத தூரத்தில் போட வேண்டும். நள்ளிரவிலிருந்து விடியும் வரை ஏரேட்டர் ஓட வேண்டும். மாட்டை அந்தக் கரையில் தண்ணீர் காட்டக் கூடாது. கையில் புண் இருப்பவர்கள் இறங்க வேண்டாம். கோழைக்குள் ஏரோமோனாஸ் இருப்பது சகஜம், மீனுக்குப் புண் வைப்பதும் அதே வகைதான்.

கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். மைக்ரோசிஸ்டின் கொதியில் அழியாது. குளோரின் அழிக்கும், ஆனால் பி.எச். 8க்குக் கீழே இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். பாசி மண்டிய தண்ணீரில் மதியம் 9ஐத் தாண்டியிருக்கும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு, தொடர்ந்து குடிப்பதற்கு, லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்.

---

ஏரிக்கரை_லேப்:

ஒன்று விட்டுப்போயிற்று தங்கச்சி. மாதிரி எடுக்கும் அன்றைக்கு தண்ணீரின் வெப்பம், பி.எச்., கரைந்த ஆக்சிஜன், செக்கி தட்டு (தெளிவை அளக்கத் தண்ணீரில் இறக்கும் தட்டு) மறையும் ஆழம் நான்கையும் அங்கேயே அளந்துவிடுங்கள், லேபுக்கு வந்த பிறகு அளந்த பி.எச். செல்லாது. அணையின் நீர்மட்டத்தையும் அன்றைய தேதியோடு எழுதுங்கள். முழு மட்டம் 52 அடி. அதில் எத்தனை அடி இருந்தபோது எடுத்தீர்கள் என்று இல்லாவிட்டால், அடுத்த வருடம் வேறொருவர் வந்து எடுப்பதோடு உங்கள் எண்களை ஒப்பிட முடியாது. அணைக்குள் இறங்க நீர்வளத் துறையில் எழுத்தில் அனுமதி வாங்கி, பரிசலில் போகும்போது லைஃப் ஜாக்கெட், முழங்கை வரை கிளவுஸ். 0.22 ஃபில்டரை ஒரு பத்து கூடுதலாகவே வாங்கி வையுங்கள், அடைத்துக்கொண்டே இருக்கும்.